இரண்டு கருமாதி கண்டவரின் மகனுக்கு

தணிகா,

போனில் பேசினால், "சரிம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்டறேன்" என்று வைத்துவிடுகிறாய். பத்து நாளாக அந்த அப்புறம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. முப்பத்தாறு வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். கை இன்னும் நடுங்கவில்லை, படிக்கக் கஷ்டமாக இருக்காது. புனேயில் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி. இங்கே திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம். காவடிகள் தெருவை அடைத்துக்கொண்டு போகின்றன. ஒலிபெருக்கி கட்டியவன் குழாயை நேராக நம் ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறான். என் எரிச்சலில் அவனுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மீதியை நீயும் உன் நைனாவும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உன் நைனா போய் நாற்பது நாள் ஆகிறது. ஆவணியில் உனக்கும் சுமதிக்கும் மலைமேல் கல்யாணம் என்று அவரே நாள் குறித்தார். குறித்த மூன்றாம் வாரம் அவரே போய்ச் சேர்ந்தார். எந்த ரயிலுக்கும் ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்கிற மனுஷன், பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு மட்டும் நிற்காமல் போனதை என்னவென்று சொல்வது? பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில் இலை எடுப்பதற்குள் உன் பெரியப்பா மகன் கோபால் ஆரம்பித்துவிட்டான். "சித்தி, வருஷம் திரும்பாம பங்காளிங்க மலை ஏறக்கூடாது. மீறி ஏறுனா குடும்பத்துக்கு ஆவாது, சொல்லிட்டேன்." அவன் சொன்னது எனக்குப் புதிதில்லை. சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலை ஏறுவதில்லை என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ அதற்குத் தலையாட்டினாயே, அதுதான் எனக்குப் புதிது. புனே போய் இறங்கியதும் சுமதிக்குப் போன் செய்து, "ஒரு வருஷம் போகட்டும்" என்று சொல்லியிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: உன் நைனாவுக்கு அந்த ஒரு வருஷத்தை நாங்கள் ஏற்கனவே காத்தாகிவிட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே காத்தோம்.

பெட்டி வந்த கதை உனக்குத் தெரியும் என்பாய். அவர் சொன்ன கதை தெரியும். அவர் அதை எல்லோரிடமும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அதில் என் பங்கை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வார். இப்போது நான் சொல்கிறேன், கேள்.

எழுபத்தொன்றில் சண்டை வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். அதில் பட்டாளத்து லீவில் அவர் வீட்டில் இருந்தது முப்பது நாள். சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். அவரிடமிருந்து கார்டு இல்லை, கவர் இல்லை. தை மாதக் கடைசியில் திருத்தணி ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்கு ஒரு கறுப்புத் தகரப் பெட்டி வந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டால் அவர் பெயரும் நம்பரும் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு சட்டை, சவரச் சாமான், நான் எழுதிய நாலு கடிதம், பாதி தேய்ந்த சோப்பு. அதோடு ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பட்டாளத்துக்காரன் பெட்டி முந்தின மாதம் இப்படித்தான் வந்தது. அந்த ஆள் வரவேயில்லை. உன் நைனாவின் பெரியப்பா, இந்தக் கோபாலுக்குத் தாத்தா, பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "ஆளு வராம பெட்டி வந்தா இன்னா அர்த்தம்? சர்க்காரு சும்மாவா பெட்டி அனுப்பிகினு இருக்கும்?" உன் தாத்தா பட்டாளத்துக்கு எழுதிப் போட்டார். ஒரு மாதம் பதில் இல்லை. ஆவி அலையுது, இனிமேல் காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது என்று பெரியவர் முடிவு கட்டினார். மாசியில் கருமாதி நடந்தது. எனக்குப் பதினெட்டு வயது. தாலியைக் கழற்றினார்கள், பொட்டை அழித்தார்கள். அந்த நாளைப் பற்றி இதற்குமேல் எழுத இப்போதும் எனக்கு மனசில்லை.

வைகாசியில் ஒரு மத்தியானம் உன் நைனா ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். தொடையில் குண்டுச் சில்லு பட்டு ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பெட்டி என்று அதை ஒரு சிநேகிதன் மூலம் வீட்டுக்குப் பார்சலில் போடச் சொல்லியிருக்கிறார். பெட்டியை அனுப்பத் தெரிந்தது, ஒரு கார்டு போடத் தெரியவில்லை! கேட்டால், "கால்ல ஒரு சில்லு பட்டதுக்கு கடுதாசியா? அதான் பெட்டி வந்துச்சே, அதப் பாத்து நான் வரப்போறேன்னு தெரிஞ்சிக்க வேணாமா?" என்றார். அப்புறம் ஒரு கார்டு போட்டதாகவும் சொன்னார். ஐம்பது வருஷத்துக்கு மேல், "போட்டேன், போட்டேன்" என்று சாதித்தார். அந்தக் கார்டு இன்றுவரை வரவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்ற பட்டாளத்துப் பதில் மட்டும், அவர் வந்து ஒரு வாரம் கழித்து, முத்திரையோடு ஒழுங்காக வந்தது. தணிகா, நீயும் எதையும் வாய் திறந்து சொல்லாமல் மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதை எங்கிருந்து எடுத்தாய் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இனிமேல்தான் நீ கேட்காதது. ஆள் வந்தாகிவிட்டது, குளிப்பாட்டி, மஞ்சள் நீர் ஊற்றி, கொல்லைப் பக்கமாக வீட்டுக்குள் அழைத்தார்கள். எனக்குத் திரும்பவும் தாலி கட்ட வேண்டும். அதை மலைமேல் முருகன் சந்நிதியில்தான் கட்ட வேண்டும் என்றார் பெரியவர். உடனே அவரே இன்னொன்றும் சொன்னார்: கருமாதி செய்தது செய்ததுதான், வருஷம் திரும்பாமல் பங்காளிகள் மலை ஏறக்கூடாது. செத்தவன் எதிரே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறான், அவன் சாவுக்குத் தீட்டுக் காக்க வேண்டுமாம்! உன் தாத்தாவுக்கே சிரிப்பும் அழுகையுமாக வந்தது. மணவூர்ப் பக்கம் என் பிறந்த வீட்டிலிருந்து என்னையும் அப்பாவையும் வரவழைத்திருந்தார்கள். பெரியவர் பேருக்கு என்னையும் கேட்டார். "நீ இன்னாம்மா சொல்ற?" நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் அப்பா பேசத் தயாராக இருந்தார், உன் தாத்தா தயாராக இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "பெரியவங்க சொல்றதுதாங்க மாமா சரி. வருஷம் திரும்பட்டும்" என்றேன். என்ன அடக்கமான பெண் என்று கூடத்திலிருந்த பொம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தாலி அறுத்த பெண்ணுக்கு ஒரு பிழைப்பு வேண்டும் என்று என் அப்பா அந்தச் சித்திரையில் என்னை ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தார். காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலோடு இடம் கிடைத்து, கடிதம் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. கல்யாணமான பெண்ணை யார் படிக்க அனுப்புவார்கள்? உன் நைனா உயிரோடு வந்துவிட்டார் என்று அப்பா ஓடி வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு நொடி, போச்சே என் படிப்பு என்றுதான் நினைத்தேன். இதைப் பெற்ற பிள்ளைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். பெரியவர் ஒரு வருஷம் என்றதும் எனக்குக் கழுத்துச் சுருக்கை அவிழ்த்த மாதிரி இருந்தது. வருஷம் திரும்புவதற்குள் பாதிப் படிப்பு முடிந்துவிடும். பாதியில் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். வழக்கம், சாங்கியம் எல்லாம் என் வாயில் வந்தது. மனசில் இருந்தது அந்த இடம் கிடைத்த கடிதம்.

ஆனியில் நான் ஹாஸ்டலில் சேரப் போன அன்றைக்கே அவர் பட்டாளத்துக்குத் திரும்பினார். அரக்கோணத்தில் எனக்கும் வண்டி மாற வேண்டும், அவருக்கும் மாற வேண்டும். அப்பா டிக்கெட் வாங்கப் போன நேரம், பிளாட்பாரத்தில் அந்தத் தகரப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் பாழ்நெற்றியோடு பெஞ்சில் இருக்கிறேன், எதிரே பட்டாளத்து உடுப்பில் ஒருவர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, யாரு இந்தப் பொண்ணு? பாவம், புருசன் இல்லியா?" என்றாள். இந்த மனுஷன் கொஞ்சமும் யோசிக்காமல், "ஆங், செத்துட்டாருங்க. நாந்தான் அது" என்றார். அந்த அம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் டீயை அவர் மேலேயே ஊற்றியிருப்பேன். அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். என்ன அது என்றேன். "குவாட்டர்ஸ் குடுத்துருந்தானுங்க. ரெண்டு ரூம்பு. வெளிய ஒரு மாமரம் இருக்குதாம். நீ வருவன்னு கேட்டு வாங்குனேன். சரி வுடு, நீ படி" என்றார். கூட்டத்தில் பெரியவர் முன்னால் அதை அவர் எடுத்துக் காட்டவில்லை. நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, சரி, நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. காஞ்சிபுரம் வண்டி வந்தது, ஏறிவிட்டேன்.

வருஷம் திரும்பி மலைமேல் தாலி கட்டினார். ஆனால் அந்த வீடு வேறு யாருக்கோ போயிருந்தது. அதற்கப்புறம் அவருக்குக் குடும்பத்தோடு இருக்கிற இடத்தில் வேலை அமையவேயில்லை. பனிமலை, எல்லை, காடு என்று பன்னிரண்டு வருஷம். வருஷத்துக்கு இரண்டு மாதம் வருவார், போவார். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர் ஓய்வு பெற்று வந்த பிறகுதான் நீ பிறந்தாய். படித்ததற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை, அதைத் தெளிவாகவே சொல்கிறேன். படிக்கணும், அதனால் இப்போது வரமாட்டேன் என்று அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஏதாவது ஒரு வழி பண்ணியிருப்பார். நான் அவர் சாவின்மேல் பழியைப் போட்டுவிட்டு ரயில் ஏறினேன். என் தப்பு அதுதான்.

அவரோடு வாழ்ந்தது லேசு என்று நினைக்காதே. விடியற்காலை ஐந்து மணிக்குத் தட்டைத் தட்டி எழுப்புவார். ஞாயிற்றுக்கிழமை உன் நகத்தையும் என் நகத்தையும் சோதிப்பார். நான் டீச்சர், எனக்கு எதற்கு நகச் சோதனை? பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நின்றுவிட்டு அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கியதும், சட்டையைக்கூடக் கழற்றாமல் உன் யூனிபாரத்தைத் துவைத்துப் போடுவார். அது மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. என் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்கு அவரைப் பேசக் கூப்பிட்டு, போர் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். பதினைந்து நிமிஷம் காலுறையைப் பற்றிப் பேசினார். ஈரக் காலுறையை மாற்றாவிட்டால் கால் எப்படி அழுகும், வெயில் இல்லாதபோது வயிற்றில் கட்டி எப்படிக் காயவைப்பது என்று. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், தலைமையாசிரியர் என்னை முறைத்தார். அவரோடு போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்று நான் கேட்டதற்கு மட்டும் அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. கேட்ட அன்று சாப்பிடவும் மாட்டார். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஒரு நாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது, இனியும் வைத்திருக்கக் கூடாது என்று காஞ்சிபுரத்தில் இடம் கிடைத்த அந்தக் கடிதத்து விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் நாரை உரித்துக்கொண்டே, "தெரியும். பெரியப்பா வாயிதான் பேசுச்சு, ரோசனை உன்னுது. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிதே" என்றார். தெரிந்தா சும்மா இருந்தீர்கள் என்று கத்தினேன். "குண்டுக்கே பயப்படாதவன், பெரியப்பன் வாய்க்குப் பயந்துட்டேன். நீ மட்டுமா பொய் சொன்ன?" என்றார். அப்புறம் இதையும் சொன்னார்: "ஒரு தடவ காத்தது போதும். இன்னொரு தடவ நான் போனா மறுநாளே மலை ஏறுங்க." உன் கல்யாண நாள் குறித்த அன்று கோபாலை எதிரே வைத்துக்கொண்டே திரும்பவும் சொன்னார். கோபாலும் சிரித்துக்கொண்டே, ஆங் சித்தப்பா என்றான்.

சரி, உன்னிடம் வருகிறேன். மலை ஆகாது என்றால் கீழே மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம், தகப்பன் போனால் வருஷத்துக்குள் பிள்ளை கல்யாணத்தை முடிப்பவர்களும் உண்டு என்று போனில் சொன்னேன். கோபாலே தன் அப்பா இறந்து வருஷம் திரும்புவதற்குள் மகளுக்கு அப்படித்தான் செய்தான். அதற்கும் நீ, "பாக்கலாம்மா" என்றாய். அந்த "பாக்கலாம்" காதில் விழுந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உன் தயக்கம் மலையில் இல்லை. பதினெட்டு வயதில் நான் பேசிய அதே பேச்சு, உன் வாயில் நாற்பது வயதில் வந்திருக்கிறது. சுமதி புருஷனை இழந்தவள் என்று உறவுக்காரர்கள் பேசுவார்களே என்ற பயமா? தனியாக இருந்து பழகிவிட்டாய், அந்தச் சௌகரியம் போகுமே என்ற பயமா? இல்லை, அவளை உனக்குப் பிடிக்கவே இல்லையா? எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியது எனக்கும் இல்லை. மாதா மாதம் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில், ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த சுமதியிடம் உன் நைனா நேராகவே கேட்டாராம்: "எம் பையன் ஒருத்தன் இருக்கறான். கெட்ட பழக்கம் ஒன்னும் இல்ல. ஆனா தானா எதையும் முடிவு பண்ண மாட்டான். பாக்கறியாம்மா?" மறைக்காமல் உன் குறையையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார். அப்புறம் ஆறு மாதம் நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசினீர்கள். அந்த ஆறு மாதமும் நீ வீட்டுக்கு வந்தபோதெல்லாம் சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருந்தாய். அதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுமதி வந்திருந்தாள். இந்தக் கூட்டத்தில் அரக்கோணத்திலிருந்து நின்றுகொண்டே வந்து, முகம் கழுவிக்கொண்டு, உன் நைனா படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அத்த, அவரு ஒரு வருஷம் போவட்டும்னு சொல்றாரு. காத்துகினு இருக்கறது எனக்குப் பழக்கம்தான். என் வூட்டுக்காரரு போயி ஒன்பது வருஷமாச்சி, தனியாத்தான் இருக்கறேன். ஆனா எதுக்காகக் காக்கறன்னு தெரிஞ்சா நல்லாருக்கும். நீங்களே சொல்லுங்க, காத்துகினு இருக்கட்டுமா?"

பெற்றவள் உனக்காக இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். பொறுத்துக்கொள்ளம்மா, நல்லவன்தான், துக்கத்தில் இருக்கிறான் என்று சொல்லியிருந்தால் அவள் காத்திருப்பாள். சத்தியமாகக் காத்திருப்பாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா, காத்திருக்காத" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

மலைமேல் பதிவு செய்த நாளை நான் மாற்றவில்லை. வருவதானால் அவளுக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல். வரமாட்டேன் என்றாலும் அவளிடமே சொல், உன் வாயால் சொல். அதில் உன் நைனா செத்ததை மட்டும் சேர்க்காதே.

அம்மா